வெள்ளி நிற மிக்-21 சுலபமா? ஒரே நிறம்தானே என்பவர்களுக்கு

ஜனவரி 3, வாசகர் கேள்வி

முதல் தடவையாக ஜெட் மாடல் செய்யப் போகிறேன். கையில் இருப்பது 1/48 அளவில் (நிஜத்தில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு) சோவியத் போர் விமானம் மிக்-21ன் பிளாஸ்டிக் கிட். கமாஃப்ளாஜ் (எதிரி கண்ணுக்கு மறைக்கும் திட்டு நிறங்கள்) என்றால் மூன்று நான்கு நிறம், மாஸ்கிங் (டேப் ஒட்டி மறைத்து அடிப்பது), தலைவலி. வெள்ளி என்றால் ஒரே நிறம், ஒரே மூச்சில் அடித்து முடிக்கலாம். ஆரம்பக்காரருக்கு வெள்ளிதான் சரி என்பது என் கட்சி. மறுப்பவர் உண்டா?

ஜனவரி 3, இரவு

நான் மறுக்கிறேன்.

பச்சையும் பழுப்பும் திட்டுத் திட்டாக இருந்தால் பார்ப்பவர் கண் திட்டுகளின் ஓரத்தில்தான் ஓடும். இணைப்புக் கோடு சரியாக மூடாமல் விட்டது, புட்டி கொஞ்சம் மேடாக நின்றது, கோந்து பட்ட விரல் பதிந்தது எல்லாம் அதில் காணாமல் போகும். வெள்ளியில் ஒளிய இடமே கிடையாது. உலோகப் பெயின்ட்டில் இருப்பது பொடிப்பொடியான தகடுகள். அவை கீழே இருக்கும் பரப்பு எப்படியோ அப்படியே படுக்கும். 600 நம்பர் உப்புத்தாள் போட்ட கீறல் பச்சைப் பெயின்ட்டுக்கு அடியில் தெரியாது, வெள்ளி அடித்தால் தேர்க்கால் தடம் மாதிரி தெரியும்.

ஒரே நிறம் என்பது பெயின்ட் டப்பாவுக்குத்தான். உங்கள் வேலைக்கு இல்லை.

ஜனவரி 4

உப்புத்தாள் எண் கேட்டவருக்கு. புட்டியை மட்டம் பண்ண 400. அப்புறம் 800, 1500, அதற்குமேல் 3000 அல்லது 4000 நம்பர் ஸ்பாஞ்சு. எல்லாம் தண்ணீர் தொட்டுத் தொட்டு. ஒவ்வொரு எண்ணுக்கும் தேய்க்கும் திசையை மாற்றுங்கள். முந்தைய தாளின் கீறல் குறுக்கே கிடப்பதால், போய்விட்டதா இல்லையா என்பது உடனே தெரியும். நடுவில் ஒரு எண்ணைத் தாண்டினால் கடைசியில் பின்னோக்கி வர வேண்டியிருக்கும்.

ஜனவரி 6

உடலின் இரண்டு பாதிகளை ஒட்டுவது பற்றி எழுதச் சொன்னீர்கள். வெள்ளி ஜெட்டின் தலையெழுத்து இங்கேதான் எழுதப்படுகிறது, அதனால் கொஞ்சம் நீளும்.

கிட் பாலிஸ்டைரீனில் வார்த்தது. மாடல் சிமென்ட் என்று வருவது ஒட்டுகிற பசை இல்லை, பிளாஸ்டிக்கைக் கரைக்கிற திரவம். இரண்டு விளிம்பும் இளகி ஒன்றோடு ஒன்று கலந்து, திரவம் ஆவியான பின் ஒரே துண்டாகிவிடுகின்றன. ட்யூபில் வரும் கெட்டியான வகை வேண்டாம். பிரஷ் வைத்த மூடியோடு குப்பியில் வரும் மெல்லிய வகை வாங்குங்கள். இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இணைப்பின்மேல் பிரஷை லேசாக வைத்தால் போதும், திரவம் தானாகவே இடுக்கு நெடுக ஓடிவிடும். ஒரு நிமிடம் பொறுத்து மெதுவாக அழுத்துங்கள். இளகிய பிளாஸ்டிக் மெல்லிய வரப்பாகப் பிதுங்கி வரும். அந்த வரப்புதான் உங்கள் புட்டி. துடைக்காதீர்கள்.

அவசரக்காரர்கள் மாட்டுவது அடுத்த கட்டத்தில். மறுநாளே வரப்பைச் சீவித் தேய்த்தால் கண்ணாடியாக இருக்கும். ஆனால் உள்ளே கரைப்பான் இன்னும் மிச்சம் இருக்கிறது. அது சில வாரங்களில் மெல்ல வெளியேறும்போது பிளாஸ்டிக் சுருங்கி, பெயின்ட்டுக்கு மேலேயே ஒரு மெல்லிய பள்ளக் கோடு எழும். முடித்து அலமாரியில் வைத்த விமானத்தின் முதுகில் அந்தக் கோடு வருவதைப் பார்ப்பதைவிட, ஒட்டியதை ஒரு வாரம் தொடாமல் வைப்பது எவ்வளவோ மேல். அந்த வாரத்தில் சக்கரம், ஏவுகணை, காக்பிட் என்று வேறு வேலை பாருங்கள்.

இடைவெளி பெரிதாக இருந்தால் கடைப் புட்டி எனக்குப் பிடிப்பதில்லை. ஸ்ப்ரூ (கிட்டில் பாகங்களைத் தாங்கி வரும் பிளாஸ்டிக் சட்டம்) துண்டுகளை அதே சிமென்ட்டில் ஊறப்போட்டுக் கூழாக்கி வைத்திருக்கிறேன். காய்ந்தபின் கிட்டின் பிளாஸ்டிக்கும் அதுவும் ஒரே கடினம், உப்புத்தாள் ஒரே மாதிரி தின்னும். கடைப் புட்டி மிருது, பிளாஸ்டிக் கெட்டி. தேய்க்கத் தேய்க்க நடுவில் பள்ளம் விழுந்துவிடும்.

ஜனவரி 7

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு யாராவது உடலை மூடப் போகிறீர்களா? நில்லுங்கள். மூக்கில் எடை வைத்தீர்களா?

முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு. எடை போதவில்லை என்றால் மூக்கைத் தூக்கி வாலில் உட்கார்ந்துவிடும். எத்தனை கிராம் என்று கேட்காதீர்கள். இறக்கை, வால், உடல் எல்லாவற்றையும் டேப்பால் தற்காலிகமாகக் கட்டி, பின்சக்கரம் வரும் இடத்தில் இரண்டு குச்சிமேல் நிறுத்தி, மூக்கில் எடையைக் கூட்டிக்கொண்டே போங்கள். எப்போது முன்னால் சாய்கிறதோ, அதற்குமேல் கொஞ்சம். மிக்-21க்கு மூக்குக் கூம்பின் உட்குழிவே இடம் தருகிறது, காக்பிட்டுக்கு முன்னாலும் கொஞ்சம் கிடைக்கும்.

ஈயக் குண்டை வெள்ளைக் கோந்தில் குழைத்து வைக்கிற பழக்கம் நிறையப் பேரிடம் உண்டு. அதை விடுங்கள். ஈயமும் அந்தக் கோந்தும் சேர்ந்து காலப்போக்கில் ஈயக் கார்பனேட்டாக மாறி உப்பும். வருடங்கள் கழித்து மாடலின் மூக்கு உள்ளிருந்தே பிளந்துகொள்ளும். இரும்புக் குண்டும் எப்பாக்சியும் போதும்.

ஜனவரி 9

இன்டேக் (இன்ஜினுக்குக் காற்று போகும் வாய்) உள்ளே இணைப்புக் கோடு தெரிகிறதே என்று ஒருவர் கவலைப்பட்டிருந்தார். மிக்-21காரர்கள் கவலைப்பட வேண்டாம். வட்ட வாயின் நடுவே கூம்பு உட்கார்ந்து மறைத்துவிடுகிறது. எஃப்-16, எஃப்-15 செய்கிறவர்கள்தான் அழ வேண்டும். வாய் பெரிது, உள்ளே வெள்ளை, இரண்டு பாதி சேர்ந்த கோடு நட்ட நடுவில்.

அவர்களுக்கு ஒரு வழி: இன்டேக் குழாயை மட்டும் தனியாக ஒட்டிக் காயவிட்டு, ஒரு முனையை டேப்பால் அடைத்து, வெள்ளை அக்ரிலிக் பெயின்ட்டை உள்ளே ஊற்றி, சுழற்றிச் சுழற்றி, திருப்பி வடியவிடுங்கள். காய்ந்ததும் இன்னொரு முறை. பெயின்ட் தானே கோட்டை மூடிக்கொள்ளும். உள்ளே உப்புத்தாள் சுற்றிய குச்சியை விட்டுத் துழாவுகிற வேலை மிச்சம்.

இதில் எனக்கே இரண்டு மனம். அலமாரியில் வைத்தபின் இன்டேக்குக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பவர் நம்மைப் போன்றவர்கள்தான், அவர்களும் குற்றம் கண்டுபிடிக்கத்தான் அடிக்கிறார்கள். சிவப்பு மூடி ஒன்று செய்து வாயை அடைத்துவிடுபவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். தரையில் நிற்கும் நிஜ விமானத்துக்கும் மூடி போடுவது வழக்கம்தான்.

ஜனவரி 12

முதல் நாள் பதிலை இரண்டு தடவை திரும்பப் படித்தேன். அதில் ஒரு பாதி வழக்கை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

வெள்ளி என்றதும் நான் எடுத்துக்கொண்டது கண்ணாடி போல மின்னும் வெற்று உலோகம். மிக்-21 படங்களை வரிசையாகப் பார்த்தால் அப்படி மின்னுவது குறைவு. தொழிற்சாலையிலிருந்து புதிதாக வந்தபோது பளபளப்புதான். வெயிலிலும் மழையிலும் நின்ற அலுமினியம் ஆக்சைடு படிந்து மங்கும். பழுது பார்க்கப் போய்த் திரும்பும்போது பல விமானங்கள்மேல் அலுமினியப் பொடி கலந்த லாக்கர் ஏறியிருக்கும். அதன்பின் அது வெற்று உலோகம் இல்லை, வெள்ளிப் பெயின்ட். மினுமினுப்பு குறைவு, தகட்டுக்குத் தகடு நிறம் மாறுவதும் குறைவு, கொஞ்சம் சாம்பல் சாயல்.

அந்த மங்கல் வெள்ளியைச் செய்வது பாதிக் கஷ்டம்தான். நல்ல சாம்பல் பிரைமர் (அடிப்பூச்சு), ஸ்ப்ரே கேன் அலுமினியம், மேலே அரை மங்கல் கிளியர் கோட் (நிறமற்ற மேல்பூச்சு). கேள்வி கேட்டவர் சொன்னது இந்த வகைக்குக் கிட்டத்தட்டச் சரி. "கிட்டத்தட்ட" என்றது இணைப்புக் கோட்டுக்காக. அதற்கு இங்கேயும் மன்னிப்பு கிடையாது.

ஆகவே முதலில் படம் பாருங்கள், பிறகு டப்பாவைத் திறங்கள். எந்த நாடு, எந்த வருடம், எந்த எண் எழுதிய விமானம் என்று ஒன்றை முடிவு பண்ணிக்கொள்ளுங்கள். பதினோராயிரத்துக்கு மேல் செய்யப்பட்ட விமானம் இது. "மிக்-21ன் நிறம்" என்று ஒன்று இல்லை. இந்திய விமானப்படை ஒன்றையே எடுத்துக்கொண்டால், 1963ல் வந்த முதல் வகையான எஃப்-13கள், நாசிக்கில் எச்.ஏ.எல். தயாரித்த டைப் 77 என்கிற எஃப்எல், பின்னால் வந்த பிஸ், அதை மேம்படுத்திய பைசன் என்று 2025 செப்டம்பர் 26ல் சண்டிகரில் விடைகொடுக்கும் வரை அறுபது வருடத்துக்கு மேல் பறந்திருக்கிறது. 1971 போர்க்காலத்தில் வெள்ளி எஃப்எல்கள்மேல் அவசரமாகப் பச்சை பூசியதையும் படங்களில் பார்க்கலாம். பிரஷ் தடம் தெரியப் பெயின்ட் அடிக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது. வரலாறே உங்கள் பக்கம்.

ஜனவரி 12, கொஞ்ச நேரம் கழித்து

இல்லை, "நிஜத்தில் அப்படித்தான் இருந்தது" என்பதை எல்லாக் கோணலுக்கும் சாக்காகச் சொல்லக் கூடாது. இறக்கை மேல்நோக்கி வளைந்திருந்தால் எந்த நாட்டிலும் அப்படி ஒரு மிக்-21 இல்லை. இறக்கை நுனி வேரைவிடக் கொஞ்சம் தாழ்ந்து, இரண்டு பாகை சரிவில் இருக்க வேண்டும். பசை காயும்வரை டேப்பால் இழுத்துப் பிடித்து, முன்னாலிருந்து கண்ணால் பாருங்கள்.

ஜனவரி 15

மின்னும் வெள்ளியேதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு மட்டும் இது.

ஆல்கிளாட் போன்ற லாக்கர் உலோகப் பெயின்ட்களுக்கு அடித்தளம் பளபளக்கும் கறுப்பு. கறுப்பு எவ்வளவு மின்னுகிறதோ அவ்வளவுதான் மேலே உலோகமும் மின்னும். அதனால் உழைப்பு முழுக்கக் கறுப்பில். அடித்த கறுப்பில் உங்கள் முகம் தெரிய வேண்டும். தூசி ஒட்டியிருந்தால் தேய்த்து எடுத்து மறுபடி அடியுங்கள். காய்ந்ததா என்று விரலால் தொட்டுப் பார்க்க வேண்டாம், முகர்ந்து பாருங்கள். வாடை வந்தால் காயவில்லை.

அப்புறம் ஏர்பிரஷில் அழுத்தம் ஒரு பாருக்கு மேல் போகாமல், பெயின்ட்டில் தின்னர் சேர்க்காமல், கிட்டே வைத்து மெல்லிய புகையாக மூன்று நான்கு பூச்சு. கறுப்பு மறைந்த நொடியில் நிறுத்திவிடுங்கள். "இன்னும் கொஞ்சம்" என்று அடித்தால் பளபளப்பு செத்து வெறும் சாம்பலாகும். வெற்று பிளாஸ்டிக்மேல் இந்த லாக்கரை நேரடியாக அடித்தால் பரப்பு வெடித்து வலைபோல ஆகலாம், பிரைமர் கட்டாயம்.

முகமூடி போடுங்கள். துணி முகமூடி இல்லை, கரியடைத்த வடிகட்டி உள்ளது. ஜன்னல் திறந்திருப்பது முகமூடிக்கு மாற்று ஆகாது.

இதற்குமேல் கிளியர் கோட் போட்டால் உலோகம் கொஞ்சம் மங்கத்தான் செய்யும். அந்த மங்கல் பழகிப்போன விமானத்தின் தோற்றத்தைத் தருகிறது என்பதால் எனக்குப் பிடிக்கும். பிடிக்காதவர்கள் கிளியர் இல்லாமலே டீகால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னம், எழுத்து) ஒட்டிப் பார்க்கலாம். மாஸ்கிங் டேப்பை நேரே ஒட்டாமல் முதலில் கையில் ஒட்டி எடுத்துப் பசையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

வால்பக்கம், நாசிலை (இன்ஜின் புகை வெளியேறும் வாய்) சுற்றி, கொஞ்சம் கருமையான உலோக நிறம் அடியுங்கள். சூடுபட்ட இடம் அது. மூக்குக் கூம்பு அடர்ப்பச்சை, உள்ளே ரேடார் இருப்பதால் உலோகம் இல்லை. சக்கரத்தின் நடுவட்டும் பச்சைதான், ஆனால் அது கண்ணைப் பறிக்கிற வேறு பச்சை.

ஜனவரி 18

பேனல் லைனை (தகடுகள் சேரும் கோடு) கறுப்பாக்கலாமா என்ற சண்டை இங்கேயும் வந்துவிட்டது. கணக்குப் போட்டுவிடுவோம்.

நிஜ விமானத்தில் இரண்டு தகடு சேருமிடத்தில் 2 மில்லிமீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். 1/48ல் அது 0.04 மி.மீ. தலைமுடியைவிட மெல்லிசு. கிட்டில் செதுக்கியிருக்கும் கோடு 0.2 மி.மீ. இருந்தால், நிஜ அளவில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் பிளவு. 1/72ல் அதே கோடு ஒன்றரை சென்டிமீட்டர். அப்படி ஒரு விமானத்தில் யாரும் ஏற மாட்டார்கள். அதைக் கறுப்பு வாஷ் (கோட்டில் ஓடவிடும் நீர்த்த பெயின்ட்) போட்டு இன்னும் எடுத்துக்காட்டினால் தரைவிரிப்புக் கட்டம் போட்ட மாதிரி ஆகும்.

வெள்ளி விமானத்துக்குக் கறுப்பு வேண்டாம். அடர்சாம்பல், அதுவும் நீர்க்க. திறந்து மூடும் கதவுகள், இறக்கையின் அசையும் பாகங்கள் ஆகியவற்றைச் சுற்றி மட்டும் கொஞ்சம் கூட. மற்றவை தெரிந்தும் தெரியாமலும் இருக்கட்டும்.

ஜனவரி 19

"அப்படியென்றால் கோடே இல்லாமல் விட்டுவிடலாமே" என்று ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். லாஜிக் சரிதான். ஆனால் கோடே இல்லாத வெள்ளி மிக்-21 கையில் எடுத்தால் சோப்புக் கட்டி போல இருக்கிறது. கண்ணுக்குப் பிடிமானம் வேண்டும். சுத்தமான அளவு ஒரு பக்கம், பார்க்கும்போது விமானம் என்று தோன்றுவது இன்னொரு பக்கம். நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன், அதனால்தான் நீர்த்த சாம்பல்.

ஜனவரி 20

விஷயத்திலிருந்து கொஞ்சம் விலகுகிறேன். பழைய கிட்களில் வடிவம் ஏன் தப்பாக இருக்கிறது என்று யாரோ கேட்டிருந்தார். அளவெடுக்க விமானம் கிடைத்தால்தானே. பனிப்போர்க் காலத்தில் சோவியத் விமானம் என்றால் அணிவகுப்பில் எடுத்த மங்கலான படங்கள்தான் பெரும்பாலும் ஆதாரம். 1966 ஆகஸ்டில் இராக் விமானி முனீர் ரெட்ஃபா ஒரு மிக்-21ஐ இஸ்ரேலுக்கு ஓட்டிச் சென்று இறக்கினார். மேற்கு நாடுகளின் ராணுவங்களே அப்புறம்தான் அதை அக்குவேறு ஆணிவேறாகப் பார்த்தன. கிட் கம்பெனி என்ன செய்யும்?

இதில் உச்சம் டெஸ்டர்ஸ் கம்பெனி 1986ல் விட்ட எஃப்-19 ஸ்டெல்த் ஃபைட்டர். அப்படி ஒரு விமானமே கிடையாது. ரேடாரில் தெரியாத விமானம் ஒன்று ரகசியமாகப் பறக்கிறது என்ற பேச்சை வைத்து ஊகித்துச் செய்த கிட். வழவழவென்று வளைந்த உடல், உள்நோக்கிச் சாய்ந்த வால். விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. 1988 நவம்பரில் அமெரிக்க விமானப்படை நிஜ விமானத்தின் படத்தை வெளியிட்டபோது பார்த்தால், எஃப்-117, முழுக்கப் பட்டை தீட்டிய தட்டைப் பரப்புகள். ஒன்றுகூடப் பொருந்தவில்லை.

உலகத்திலேயே நிறம் தப்பு, வடிவம் தப்பு என்று யாரும் குறை சொல்ல முடியாத ஜெட் மாடல் அதுதான். சண்டை பிடித்துக் களைத்தவர்கள் தேடி வாங்கிச் செய்யலாம்.

ஜனவரி 24

காக்பிட் நிறம்: எம்எஃப், பிஸ் போன்ற பின்னாள் வகைகளில் அந்தப் புகழ்பெற்ற நீலப்பச்சை. ஆரம்ப வகைகளில் சாம்பல். இந்த நீலப்பச்சை ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு மாதிரி தெரியும், நிழல், வயது, ஃபிலிம் எல்லாம் சேர்ந்து. டப்பா எண்ணை வைத்து அடித்துக்கொள்ள வேண்டாம். மாடலில் நிஜத்தைவிடக் கொஞ்சம் வெளிறிய நிறமாக வைத்தால் சின்ன உருவத்தில் சரியாகத் தெரிகிறது.

கேனபியை (காக்பிட்டின் கண்ணாடி மூடி) மட்டும் சூப்பர் குளூவால் ஒட்டாதீர்கள். அதன் ஆவி உள்பக்கம் படிந்து வெள்ளைப் புகையாக நிற்கும். வெள்ளைக் கோந்து போதும், காய்ந்தால் நிறமற்றுப் போய்விடும். ஒட்டுமுன் கேனபியைத் தெளிவான அக்ரிலிக் வார்னிஷில் முக்கி எடுத்துத் தூசி படாமல் கவிழ்த்து வைத்தால் கண்ணாடி இன்னும் தெளியும். ஏற்கெனவே லேசாகப் புகை பிடித்ததையும் பல சமயம் இதே முக்கல் மீட்டுவிடுகிறது.

ஜனவரி 29

டீகால். சொல்ல நிறைய இல்லை, செய்ய நிறைய இருக்கிறது. மிக்-21ல் படிக்க முடியாத பொடி எழுத்துகள் எக்கச்சக்கம். ஒரே உட்காரலில் ஒட்டாதீர்கள், கை நடுங்க ஆரம்பித்ததும் எழுந்துவிடுங்கள்.

பரப்பு வழுவழுப்பாக இருந்தால்தான் அடியில் காற்று மாட்டாது. காற்று மாட்டினால் டீகாலின் ஓரப் படலம் வெள்ளையாக மினுக்கும். கமாஃப்ளாஜில் இது அசிங்கமாகத் தெரியும். வெள்ளியில் கொஞ்சம் தப்பிக்கலாம். ஆக, இதில் மட்டும் வெள்ளி சுலபம், ஒப்புக்கொள்கிறேன். மினுக்கினால் ஊசி முனையால் இரண்டு மூன்று குத்து, மேலே டீகாலை இளக்கும் திரவம் ஒரு சொட்டு. முதலில் சுருங்கிக் கோணும், பயந்து தொடாதீர்கள், காய்ந்து படிந்துவிடும்.

பழைய கிட்டில் டீகால் மஞ்சளித்திருந்தால் தாளோடு ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வெயில் காட்டுங்கள், சில நாளில் வெளுக்கும். தண்ணீரில் போடுமுன் வேண்டாத ஒன்றை வெட்டிப் போட்டுப் பாருங்கள். சில்லுச் சில்லாக உடைந்தால், மீதித் தாள்மேல் கிளியர் வார்னிஷ் அடித்துக் காயவிட்டு, ஒவ்வொன்றையும் ஓரமாக வெட்டி எடுத்து ஒட்ட வேண்டியதுதான்.

பிப்ரவரி 2

முதுகில் கோடு எழும்பிவிட்டது என்று ஒருவர் படம் போட்டிருக்கிறார், வெள்ளி அடித்து முடித்தபின். ஜனவரி 6ல் எழுதியதைப் பிறகுதான் படித்தாராம். சரி, ஆனது ஆச்சு. முழு விமானத்தையும் உரிக்க வேண்டாம். மிக்-21 முதுகில் நீளமாக ஒரு திமில் ஓடுகிறது அல்லவா, அதன் ஓரத்து பேனல் லைன்களை எல்லையாக வைத்து டேப் ஒட்டி, அந்தப் பகுதியை மட்டும் தேய்த்து, சூப்பர் குளூவை மெல்லிசாக ஓடவிட்டு, காய்ந்த ஒரு மணி நேரத்துக்குள் மட்டம் பண்ணுங்கள். மறுநாள் என்றால் அது பிளாஸ்டிக்கைவிடக் கெட்டியாகி, சுற்றியிருப்பது தேயும், அது தேயாது. பிறகு கறுப்பு, வெள்ளி. நிறம் அச்சாகச் சேராவிட்டாலும் தகட்டுக்குத் தகடு கொஞ்சம் வேறுபட்ட வெள்ளி என்று நிற்கும், கண் உறுத்தாது.

சூப்பர் குளூ சுருங்காது. இதற்கு ஆரம்பத்திலேயே அதை வைத்து ஒட்டினால் என்ன என்று கேட்பீர்கள். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அது பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒன்றாக்குவதில்லை, இரண்டு பாதிக்கும் நடுவே தனியாக நிற்கிறது. கீழே விழுந்தால் அந்த வழியாகவே பிளக்கலாம். எனக்குச் சிமென்ட்டும் பொறுமையும் ஒத்துவருகிறது.

பிப்ரவரி 5

பிட்டாட் குழாயை (மூக்கில் நீட்டிக்கொண்டிருக்கும், வேகம் அளக்கும் குச்சி) எப்போது ஒட்டுவது? எல்லாம் முடிந்த பிறகு. பெயின்ட், டீகால், கிளியர் கோட், சக்கரம், ஏவுகணை எல்லாம் ஆனபின். எஃப்-13ல் அது மூக்குக்குக் கீழே, எஃப்எல் போன்றவற்றில் மேலே, எம்எஃப்பில் வலப்பக்கம் தள்ளி. கிட்டில் கொடுத்த பிளாஸ்டிக் குச்சி உடையாமல் தப்பியதை நான் பார்த்ததில்லை. சட்டைக் கைதான் அதன் பரம விரோதி. ஊசி போடும் சிரிஞ்சின் ஊசியை அளவாக அறுத்து, முனையை மழுக்கி வைத்துக்கொள்ளுங்கள். மூக்கில் அதற்கு ஏற்ற துளையை உடலை ஒட்டிய அன்றே போட்டு வைத்தால், கடைசி நாளில் பெயின்ட்டைக் கீறாமல் சொருகிவிடலாம். ஒட்டக்கூட வேண்டாம், தூசி துடைக்கும்போது உருவி எடுத்துவிட்டு மறுபடி சொருகலாம்.